நாற்காலி உள்ள ஊர்

பொழுது கிளம்புவதற்கு முன்பே கிழங்குக் காட்டில் ஆள் இறங்கிவிடும். பனி இடுப்பளவு நிற்கும். அதற்குள் குனிந்தவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்; செடியின் அடித்தண்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி இழுக்கிறவர்களின் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். மண் இளகி வேர் கழலும்போது சின்னதாக ஒரு முறிவு. அப்புறம் கொத்தை உதறிப் போடும் தொப்பென்ற சத்தம். மழைக்கு மறுநாள் என்றால் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, சுலபமாக வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் இடுப்பெலும்பும் கூட வரும். பெண்கள் தண்டிலிருந்து கிழங்கை அரிந்து கூடையில் போட, ஆண்கள் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறி ரோட்டுக்கு வருவார்கள். கிழங்கின் பால் விரலிடுக்கில் பிசின் போல ஒட்டி மண்ணோடு சேர்ந்து கறுத்துப்போகும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; குண்டூர் நாட்டிலிருந்த எங்கள் ஊரில் கையைப் பார்த்தே யார் கிழங்குக் கூலி என்று சொல்லிவிடலாம்.

என் கை வெளுத்த கை. ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்தேன். கடைக்குப் பின்னால் ஓர் அறையில் குடித்தனம். என் கணவர் சேக் மைதீன் வையாபுரி முதலாளியின் லாரி ஓட்டினார். அடிவாரத்து ஊரில் பிறந்த நாங்கள் கல்யாணமான மறு வருஷமே மலையேறி வந்துவிட்டோம். ஊரில் அவர் டிரைவர் பாய். நான் பாயூட்டக்கா.

கிழங்கு விளைகிற நிலம் ஒரு காலத்தில் முழுக்க மலைக்காரர்களுடையது. கல்யாணம், சாவு, காய்ச்சல் என்று வையாபுரியிடம் கை நீட்டியவர்கள் காட்டை அவனிடம் விட்டுவிட்டு, அந்தக் காட்டிலேயே கூலிக்கு நின்றார்கள். அவனுக்கு அடிவாரத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை, சேலத்தில் மாடி வீடு, எங்கள் கடைக்கு எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட கிடங்கு. என் கடை நின்ற இடமும் அவன் பிடியில்தான். அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதப் போவதும் இல்லை.

கூலி லோடுக் கணக்கு. லாரியின் பக்கப் பலகை மட்டத்துக்குக் கிழங்கு நிறைந்தால் அது ஒரு லோடு. லோடுக்கு இன்ன கூலி என்று வாங்கி, இழுத்தவர்களும் சுமந்தவர்களும் பிரித்துக்கொள்வார்கள். அவன் கெடுதல் செய்தது இந்த இடத்தில்தான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஏழைகளைக் கணக்கெடுக்க ஆபீசிலிருந்து ஆள் வந்தது. ஜான்பீட்டர் என்று பெயர். கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர், அமைதியான மனிதர்.

இந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் வந்து ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்தால் அந்த வீட்டின் இல்லாமை அவர் கண்ணில் படக்கூடாது. பட்டால் ஊருக்கே குறைச்சல். பெண் பார்க்க வருகிற அன்று அந்த வீட்டில் இருக்கும் பித்தளைக் குடம் ஒரு வீட்டுடையது, பாய் இன்னொரு வீட்டுடையது, அரிசி மூன்றாவது வீட்டுடையது. வந்தவர்களுக்கும் அது தெரியும். அவர்கள் ஊரிலும் அப்படித்தான். ஆனால் ஜான்பீட்டருக்கு அது தெரியாது. அவர் எதற்கு வந்திருக்கிறார் என்பது ஊருக்கும் சரியாகத் தெரியாது. சர்க்காரிலிருந்து வந்த விருந்தாளி. அவ்வளவுதான்.

கடையிலிருந்து என் பிளாஸ்டிக் நாற்காலியை கருப்பண்ணன் வந்து தூக்கிக்கொண்டு போனான். கை உடைந்து பச்சை வயரால் கட்டிய நாற்காலி. லோடு ஏற்றுகிறவர்களில் கருப்பண்ணன் முன்னால் நின்று பேசுகிறவன். முதல் வீட்டில் ஜான்பீட்டர் எழுந்து வாசல் வழியாக வெளியே வர, நாற்காலி கொல்லை வழியாக இரண்டாவது வீட்டுக்கு ஓடியது. பின்னாலேயே ஊரில் இருந்த ஒரே ரேடியோ. அதற்குப் பின்னால் கருப்பண்ணன் மனைவி பாப்பாயியின் பித்தளைக் குடம், தண்ணீர் அலம்ப அலம்ப.

"நாற்காலி, ரேடியோ எல்லாம் இருக்குதாம்மா?" என்று வீட்டுக்கு வீடு கேட்டார்.

"இருக்குதுங்க சாமி. எங்களுக்கு என்னங்க குறை. நீங்க நல்லா சாஞ்சு ஒக்காருங்க" என்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள்.

கடைசி வீட்டில் நாற்காலி வந்து சேர்வதற்கு முன்பே அவர் உள்ளே போய்விட, கருப்பண்ணன் அதைச் சுவர் மேலாக இறக்கினான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேலை முடிந்து ஜான்பீட்டர் என் கடையில் டீ குடிக்க உட்கார்ந்தார். பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு படித்தார்.

"என்னங்க சாமி போட்டிருக்குது?" என்றான் கருப்பண்ணன்.

"நைஜீரியான்னு ஒரு நாடுப்பா. ஆப்பிரிக்காவுல, மேற்குப் பக்கம். ஜனம் ரொம்ப நெருக்கம். பூமிக்கடியில எண்ணெயா கெடக்குதாம். மேல நிக்கறவங்கள்ல பாதிக்கு மேல பரம ஏழைங்களாம். அங்கயும் உங்க குச்சிக்கிழங்குதான் சாப்பாடு. உலகத்துலயே அவங்கதான் அதிகம் வெளைய வெக்கிறாங்க."

"எண்ணெய யாருங்க எடுக்கறாங்க?"

"கம்பெனிக்காரங்க. பெரிய ஆளுங்க."

"அங்கயும் ஒரு வையாபுரி இருக்கறான்னு சொல்லுங்க."

கடை முழுக்கச் சிரித்தது. கருப்பண்ணன் விடவில்லை. "அவங்கெல்லாம் ஏழைங்கன்னு எப்படிங்க கண்டுபிடிச்சாங்க? ஊடு ஊடா போயி நாற்காலி இருக்குதான்னு கேட்டாங்களா?"

ஜான்பீட்டர் மட்டும் சிரிக்கவில்லை. பச்சை வயர் கட்டிய நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். அது தன் இடத்துக்குத் திரும்பி வந்திருந்தது. அவர் அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

சில மாதம் கழித்துச் சேதி வந்தது. எங்கள் ஊரில் ஏழை என்று யாரும் இல்லை. வீடு கட்டிக் கொடுக்கிற திட்டம் எங்களுக்கு இல்லை. விதவைகளுக்கு, நோயாளிகளுக்கு வருகிற எதுவும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாப்பாயி தன் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதற்குப் பிறகு அதை யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த ஊரில் அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷக் கிழங்கு எடுப்புக்கு வையாபுரியின் லாரிகள் வந்தபோது பலகைக்கு மேல் இன்னொரு வரிசைப் பலகை அடித்திருந்தது. கிழங்கு அதன் மட்டம் வரைக்கும் நிறைய வேண்டும். அதுவும் ஒரு லோடு. அதே கூலி.

முதல் நாளே கருப்பண்ணன் கூடையைக் கீழே வைத்தான். "மொதலாளி, இது ஒண்ணரை லோடுங்க."

"பலகை மட்டம் ஒரு லோடு. நேத்தும் அதே, இன்னிக்கும் அதே" என்றான் வையாபுரி. காரை விட்டு இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டுப் பேசினான்.

"பலகை வளந்துருச்சுங்களே. எங்க கூலியும் அது கூட வளரணுமில்லீங்க?"

"ஏன்டா, கவர்மெண்டே சொல்லிட்டான், உங்க ஊருல ஏழையே கெடையாதுன்னு. ஊட்டுக்கு ஊடு நாற்காலி, ஊட்டுக்கு ஊடு ரேடியோ. எங்கூட்டுல கூட இத்தனை ரேடியோ இல்லை. வறுமைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? டிவியில காட்டறான் பாரு, நைஜீரியா, எலும்பும் தோலுமா. அதுக்குப் பேரு வறுமை."

"அங்கயும் குச்சிக்கிழங்குதானுங்களாம் மொதலாளி. யாருக்கு எடுத்துப் போடறாங்கன்னு டிவியில காட்டலீங்களா?"

கூலிக்காரர்களுக்குள் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. வையாபுரியும் சிரித்தான். "உனக்கு வாய் நீளம் கருப்பண்ணா. கை நீளமா இருந்தா லோடு சீக்கிரம் ஏறும்." கண்ணாடி மேலே ஏறியது.

அன்று அவர்கள் ஏற்றினார்கள். வேறு என்ன செய்ய முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை.

என் கணவர் தனியாகப் போய்க் கேட்டார். "வளைவுல வண்டி சாயுதுங்க மொதலாளி. மேல் பலகையக் கழட்டிருங்க. பிரேக்கும் ஒரு தரம் பாத்துரணும்."

"மைதீன், ஓட்டத் தெரியாதவன் பேசற பேச்சு இது. அடிவாரத்துல டிரைவருக்கு என்ன பஞ்சமா?"

வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொல்லும்போது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நின்னுடுங்களேன்" என்றேன்.

"நின்னா கடையையும் எடுத்துருவான் சலீமா. எடுப்பு முடியற வரைக்கும் ஓட்டிடறேன். மெதுவா போறேன்."

மெதுவாகத்தான் போனார். அன்று காலை தூறல். லோடு இறக்குவதற்காகக் கருப்பண்ணன் கிழங்கின் மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கிழங்கு அரிகிற மாதம்மாள் முன்னால் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கடையைத் தாண்டும்போது அவர் ஒரு தரம் ஹாரன் அடித்தார். தினமும் அடிப்பதுதான்.

கீழ்வளைவு ஒன்றில் வண்டி புரண்டது. அதற்கும் கீழே உள்ள ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு முதலில் தெரிந்தது கிழங்குதான். மேலிருந்து ஒன்றிரண்டாக உருண்டு வந்து, பிறகு மழை மாதிரி வந்ததாம். என் கணவரும் கருப்பண்ணனும் அந்தக் குவியலுக்கு அடியில் கிடந்தார்கள். ஊர்க்காரர்கள் வெறுங்கையால் தோண்டித்தான் எடுத்தார்கள். காட்டில் எப்படி எடுப்பார்களோ அப்படி, பிடித்து ஆட்டி, மெதுவாக இழுத்து. மாதம்மாளுக்குத் தொடையெலும்பு முறிந்து உயிர் மட்டும் மிஞ்சியது.

அடக்கம் முடிந்த அன்று என் தம்பி அஷ்பாக் என்னை அடிவாரத்துக்குக் கூப்பிட்டான். கணவன் இறந்தால் நாங்கள் இத்தா இருக்க வேண்டும். நாலு மாதத்துக்கு மேல், அவன் வாழ்ந்த வீட்டிலேயே, வெளியே வராமல். "இங்கதான் இருப்பேன்" என்றேன்.

"இடம் அவனோடது அக்கா. எப்ப வேணாலும் வெளிய தள்ளுவான்."

"தள்ளட்டும். என் இத்தாவ முடிச்சுட்டுத்தான் இங்கிருந்து எழுந்திருப்பேன்."

கடையை மூடினேன். ரோட்டைப் பார்த்த கதவில் ஓரிடத்தில் பலகை விலகி ஒரு விரல் அகலம் சந்து இருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் பிறகு நடந்ததையெல்லாம் பார்த்தேன். சந்துக்கு நேர் எதிரே வையாபுரியின் கிடங்கு. அவன் கார் வந்து நிற்கும். அவன் இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடப்பான். அவன் நடப்பதை நான் பார்ப்பேன். பச்சைக் கிழங்குத் தோலைத் தின்ற ஆடு வாயில் நுரை தள்ளிச் சாவதை இந்த மலையில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தோலை அரைத்து வடித்த தண்ணீர் டீயில் எவ்வளவு கலந்தால் நிறம் தெரியாது என்று யோசித்தபடி பல காலைகளைக் கழித்திருக்கிறேன். தொழுகையில் நெற்றி தரையில் இருக்கும்போதும் அதே யோசனை. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், மன்னிக்காமல் போகட்டும். வையாபுரியை நான் மன்னிப்பதாக இல்லை.

மூன்றாம் நாள் போலீஸில் அவன் சொன்னது ஊருக்கு வந்தது. டிரைவர் குடித்திருந்தான். பலகை வைத்ததும் ஆளேற்றியதும் டிரைவர்தான், முதலாளிக்குத் தெரியாமல். இன்னொரு லாரியில் இருந்த மேல் பலகைகளை அன்றே கழற்றிக் கிடங்குக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போனார்கள். அதையும் சந்து வழியாகப் பார்த்தேன்.

ஜான்பீட்டர் கடைக்கு வந்து மூடிய கதவுக்கு வெளியே நின்றார். "அம்மா, செத்தவங்க குடும்பத்துக்கு ஏதாவது கெடைக்குமான்னு ஆபீசுல கேட்டேன். ஏழைங்களுக்குத்தான் குடுப்பாங்களாம். பாப்பாயி பேரும் அதுல இல்ல, உங்க பேரும் இல்ல."

"நாற்காலிதான் காரணமுங்களா சார்?"

"ஒரே நாற்காலின்னு எனக்கு மூணாவது ஊட்டுலயே தெரிஞ்சுபோச்சும்மா. வயரப் பாத்தேன். ஆனா இத்தனை பேருக்கு மேல ஏழைங்க இருக்கக் கூடாதுன்னு மேல இருந்து முன்னாடியே சொல்லி அனுப்பியிருந்தாங்க. உங்க ஊருக்காரங்களே இருக்குது இருக்குதுன்னு சொன்னது எனக்கு வசதியாப் போச்சு."

அவரை உள்ளே கூப்பிட்டுக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. இத்தாவில் அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது. தப்பித்தார்.

அதற்குப் பிறகு வையாபுரியே வந்தான். "ஏம்மா சலீமா, மைதீன் எனக்குத் தம்பி மாதிரி."

"தம்பியக் குடிகாரன்னு சொல்லியிருக்கீங்க."

"செத்தவனுக்கு என்னம்மா நல்ல பேரு கெட்ட பேரு. உயிரோட இருக்கறவங்க பொழைக்கணுமில்ல? விசாரணைக்கு அதிகாரி வாராரு. கிடங்குலயே வெச்சுக்கச் சொல்லியிருக்கேன். உங்க சாங்கியப்படி நீ வெளிய வர முடியாதாமே. வர வேண்டாம், அழுதுக்கிட்டு இரு. அது முடிஞ்சதும் இடத்தக் காலி பண்ணிக் குடு. சாமான் எறக்க வேணா வண்டி தாரேன்."

"எந்த வண்டி?" என்றேன்.

அவன் செருப்புச் சத்தம் ரோட்டைக் கடந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் பகலில் பாப்பாயி வந்தாள். கருப்பண்ணன் போனதிலிருந்து அவள் என் வாசலுக்கு வரவில்லை. உள்ளே வந்தவள் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"காட்டத் திருப்பித் தாரேங்கறான் அக்கா. எங்க மாமனாரு விட்ட காடு, ஓடையோரம் இருக்குதே, அது. பாய் குடிச்சிருந்தாருன்னு அதிகாரிகிட்டச் சொன்னாப் போதுமாம். மாதம்மாளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு பாத்துக்கறானாம்."

"குடிச்சிருந்தாரா பாப்பாயி?"

"உங்கூட்டுக்காரரு டீயில ரெண்டாந்தரம் சக்கரை கேக்கவே வெக்கப்படுவாரு."

"அப்ப?"

"எனக்கு ரெண்டு புள்ளைங்க அக்கா." எழுந்துவிட்டாள். "நாளைக்கு என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல. அதச் சொல்லத்தான் வந்தேன். தெரியாம உங்க மூஞ்சியில முழிச்சிட்டுப் போக முடியல."

அவளைக் கோபித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ஒரு காட்டுக்கு எதிரே என் கணவர் பெயர். அவளிடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். பதில் பிடிக்காமல் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை கிடங்கு வாசலில் மேசை போட்டார்கள். பக்கத்தில் முந்தின நாள் எடுத்த கிழங்கு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. விசாரணை முடிந்ததும் ஏற்றுவதற்கு வெற்று லாரி ஒன்று, மேல் பலகை இல்லாமல், ரொம்ப நல்ல பிள்ளையாக நின்றது. அதிகாரிக்குப் பின்னால் ஜான்பீட்டர். ஊர் மொத்தமும் ரோட்டில். நான் சந்தில் கண்ணை வைத்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

வையாபுரி இளநீரை வெட்டி அதிகாரிக்குத் தானே நீட்டினான். பாப்பாயியை முன்னால் கூப்பிட்டார்கள்.

"டிரைவர் சேக் மைதீன் அன்னிக்குக் குடிச்சிருந்தாராம்மா?"

பாப்பாயி வையாபுரியைப் பார்த்தாள். பிறகு மூடிய என் கடையைப் பார்த்தாள். சந்துக்குப் பின்னால் நான் இருப்பது அவளுக்குத் தெரியும்.

"குடிச்சிருந்தது வண்டிதானுங்க சாமி. நிக்க முடியாம ஆடுச்சு. அதுக்கு ஊத்திக் குடுத்தது எங்க மொதலாளிங்க."

"புரியற மாதிரி சொல்லும்மா."

"ஒரு லோடு புடிக்கிற வண்டியில ஒண்ணரை லோடு ஏத்தச் சொன்னாருங்க. பலகைக்கு மேல பலகை. அந்தப் பலகை இப்பக் கிடங்குக்குப் பின்னாடி கெடக்குது. எந்திரிச்சுப் போயிப் பாருங்க."

"ஏய்" என்றான் வையாபுரி. "நேத்து என்ன சொன்ன?"

"நேத்து நீங்கதானுங்க சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"உனக்குக் காடு வேணுமா வேண்டாமா?"

அவன் அதைச் சத்தமாகவே சொல்லிவிட்டான். அதிகாரி இளநீரைக் கீழே வைத்தார்.

"காடு எங்களுதுங்க மொதலாளி. எங்களுத எங்களுக்குக் குடுக்கறதுக்கு, செத்த மனுசன் மேல நான் சாராயத்த ஊத்தணுங்களா?"

மாதம்மாளைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. படுத்தபடியே பேசினாள். "நான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன் சாமி. பிரேக்க மிதிச்சாரு, மிதிச்சாரு, ஒண்ணும் புடிக்கல. அவரு வாயிலிருந்து சாராய வாசமா வந்துச்சு? 'மாதம்மா, குதி'ன்னு வந்துச்சு. கைய நீட்டி எம்பக்கக் கதவத் தொறந்துவிட்டாரு. கதவத் தொறக்கறதுக்கு விட்ட கையில ஸ்டியரிங்கப் புடிச்சிருந்தா அவரு பொழைச்சிருப்பாரோ என்னமோ."

நான் அதுவரை இதைக் கேட்டதில்லை. சந்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

மறுபடி பார்த்தபோது ஜான்பீட்டர் பேசிக்கொண்டிருந்தார். "சார், இந்த ஊருக் கணக்கு தப்பு. நான்தான் எழுதினேன். எல்லா ஊட்டுலயும் ஒரே நாற்காலிதான் சார். செத்தவங்க குடும்பத்துக்கு ஒண்ணும் கெடைக்காம போனதுக்கு—"

"ஜான்பீட்டர், அது வேற ஃபைல்" என்றார் அதிகாரி. சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டதாகவும் மேலே அனுப்புவதாகவும் சொல்லிவிட்டு எழுந்தார். பலகையைப் போய்ப் பார்க்கவில்லை.

அவர் ஜீப் திரும்பியதுதான் தாமதம், கிடங்குக்குப் பின்னாலிருந்து வையாபுரியின் ஆட்கள் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லாரியில் சாத்திச் சுத்தியல் அடிக்கும் சத்தம் எனக்கு மண்டைக்குள் கேட்டது.

"ஏத்துங்கடா" என்றான் வையாபுரி. "இன்னிக்கே ஆலைக்குப் போகணும்."

யாரும் குனியவில்லை. பாப்பாயி போய் லாரிக்கும் கிழங்குக் குவியலுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மாதம்மாள் கட்டிலை அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அப்புறம் கருப்பண்ணனோடு சுமை தூக்கியவர்கள், அரிகிற பெண்கள், ஒவ்வொருவராக. கூடைகளைக் கவிழ்த்து அவற்றின் மேல் உட்கார்ந்தார்கள்.

"என்ன, ஸ்ட்ரைக்கா? யாருடா சொல்லிக் குடுத்தது?"

"பலகைதானுங்க" என்றாள் பாப்பாயி. "மேல் பலகை வண்டியில இருக்கற வரைக்கும் ஒரு கெழங்கு ஏறாது. லோடு மேல ஆள் ஏறாது. பாய் குடிச்சிருந்தாருன்னு சொன்ன வாயால இல்லைன்னு சொல்லணும். அந்தக் கடையில கை வெச்சா இந்தக் காட்டுல நீங்க கால் வெக்க முடியாது."

"நீ யாருடி எனக்குச் சொல்ல? ஒரு கூடை கெழங்கு உங்காத்தா ஊட்டுச் சொத்தா?"

"ஆமாங்க" என்றாள்.

சிரித்தார்கள். கருப்பண்ணன் போன பிறகு அந்த ஊரில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

வையாபுரி அன்றே பக்கத்துப் பெரக்கரை நாட்டிலிருந்து கூலி பிடித்துவர ஆள் அனுப்பினான். அடுத்த நாள் விடிகாலையில் பனிக்குள்ளிருந்து கூடையும் சும்மாடுமாக ஒரு கூட்டம் இறங்கி வந்தது. சந்தில் அவர்களைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர்களில் வயதான ஒருவர் குவியலருகில் உட்கார்ந்திருந்தவர்களிடம் நின்று ஏதோ கேட்டார். பாப்பாயி எழுந்து லாரியைக் காட்டினாள், பலகையைக் காட்டினாள், கீழ்வளைவு இருக்கும் திசையைக் காட்டினாள். அவர் பலகை மேல் கையை வைத்து உயரம் பார்த்தார்.

"எங்கூருக்கும் இதே பலகைய வெச்சிருக்கான்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "இது அடுத்தது எங்க தலையில எறங்கும்."

கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். அவரோடு வந்தவர்களும்.

வையாபுரி கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இங்கும் அங்கும் போய்வந்தான். சமவெளியிலிருந்து ஆள் கொண்டுவருவேன் என்றான், போலீஸ் என்றான். போலீஸ் வந்து நின்று பார்த்துவிட்டு, மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனது. என் கடையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. வாசலில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிக் களி கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றதும் ஆள் திரும்பிப் போனது. அதிகாரி மேலே அனுப்பிய சேதி என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. காடு வையாபுரியிடம்தான் இருக்கிறது. ஏழைகள் இல்லாத ஊராகத்தான் நாங்கள் இருக்கிறோம். முந்தின நாள் குண்டனி நாட்டிலும் லோடு ஏற்றவில்லை என்று பால்காரர் சொல்லிப் போனார்.

எடுத்த கிழங்கு காத்திருக்காது. முதல் நாள் வெட்டுவாயில் நீலக் கோடு ஓடும். பிறகு உள்ளுக்குள் கறுக்கும். ஆலையில் கிழங்குக்குள் மாவு எவ்வளவு என்று அளந்து, எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை போடுவார்கள். அந்தப் பாயிண்ட் பொழுதுக்குப் பொழுது இறங்கும், வையாபுரியின் காசும் அதோடு இறங்கும். நான் சந்து வழியாக அது இறங்குவதைப் பார்த்தேன். மேலே கிடந்தது தோல் சுருங்கியது. அடியில் கிடந்தது கசிந்து, புளித்த தண்ணீர் குவியலைச் சுற்றி ரோட்டில் ஓடியது. ஈ மொய்த்தது. வெயில் ஏற ஏற நாற்றம் ரோட்டைத் தாண்டி என் அறைக்குள் வந்தது.

வாசலில் களி கிண்டிக்கொண்டிருந்த பாப்பாயி பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். "கொடலப் புடுங்குது அக்கா. இந்தப் பக்கக் கதவையும் சாத்திரட்டுமா?"

இத்தாவில் இருக்கும் பெண் அத்தர் பூசக் கூடாது. பூ வைக்கக் கூடாது. எந்த வாசனையும் அவளுக்கு இல்லை. அந்த நாற்றத்தை நான் மார்பு நிறைய இழுத்துக்கொண்டேன்.

"சாத்தாத பாப்பாயி" என்றேன். "நல்லாத் தொறந்து விடு."